மஞ்சளிலேயே நின்றுபோன மாணவன்

ஞாயிறு காலை, வெளியே பனி கொட்டுகிறது

அன்பு மகள் ஹெத்தாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மெல்பர்ன் வெயிலில் நீயும் தோல் உரியாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். இந்தக் கடிதம் வருகிற பெட்டியில் கறுப்பு ரொட்டியும் உனக்குப் பிடித்த உப்பு மிட்டாயும் அம்மா பின்னிய கம்பளிக் காலுறையும் இருக்கும். அங்கே இப்போது கோடைக்காலம் மெர்வி, கம்பளி எதற்கு என்று அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன், கோடை முடிந்தால் குளிர் வராதா என்று திருப்பிக் கேட்டாள், ஆகவே காலுறை வருகிறது. இங்கே ஆறு உறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு கலெவி பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போனான், கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். காகித மில்லின் புகைபோக்கியை இன்னும் இடிக்கவில்லை, இடிக்கப்போவதாகப் பேச்சு மட்டும் இருக்கிறது. ஊர்ச் செய்தி அவ்வளவுதான், இனி உன் அப்பன் செய்தி. இலையுதிர் காலத்தில் நான் படிக்கச் சேர்ந்தது உனக்குத் தெரியும், எப்படிப் போகிறது என்று நீ கேட்டபோதெல்லாம் போகிறது என்று சொன்னேன், எங்கே போகிறது என்று சொல்லவில்லை. சொல்லும்படியாக ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம். இப்போது சிரிக்கும்படியாகவாவது இருக்கிறது, அதனால் எழுதுகிறேன், நீ சிரித்துக்கொள், ஆனால் உன் சித்தப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே.

மில்லை மூடியபிறகு ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தேனே, அந்த நாட்களில் விறகுக் குவியலை அடுக்கினேன், பிறகு கலைத்து அளவு வாரியாக அடுக்கினேன், பிறகு மர வகை வாரியாக அடுக்கினேன். நான்காவது முறை கோடாலிக் கொட்டகைப் பக்கம் போனபோது அம்மா கதவில் நின்று, ஒன்று நீ வேலைக்குப் போ, இல்லாவிட்டால் நான் போய்விடுகிறேன் என்றாள். அப்போதுதான் முதியோர் பராமரிப்பாளர் படிப்பு விளம்பரம் வந்தது. நம் ஊர் ஆற்றங்கரை இல்லத்தில் ஆள் போதவில்லை, படித்து முடிப்பவர்களுக்கு அங்கேயே வேலை என்று போட்டிருந்தார்கள். காகித இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டவனுக்கும் கிழவர்களுக்கு முதுகு தேய்ப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று நீ நினைத்திருப்பாய், நானும் நினைத்தேன். ஆனால் ஹெத்தா, காலையில் எழுந்தால் யாராவது ஒருத்தருக்கு நான் தேவைப்பட வேண்டும் என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. தேவைப்படாத மனுஷனாக ஐம்பத்தெட்டு வயதில் ஜன்னலோரம் உட்கார எனக்குப் பயமாக இருந்தது. இதை எந்த மனுஷனிடமும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, கடிதம் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

முதல் நாள் போனால் வகுப்பும் இல்லை, பெஞ்சும் இல்லை, கரும்பலகையும் இல்லை. பெரிய கூடம், அங்கங்கே மூட்டை மூட்டையாக மெத்தைகள். எல்லாரையும் போலவே ஷூவை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன், என் வலது காலுறையில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது, அதோடு மூட்டையில் உட்கார்ந்தேன், உட்கார்ந்தவன் எழ முடியாமல் அங்கேயே இருந்தேன். ஆசிரியை அனீனாவுக்கு உன் வயதுதான் இருக்கும். அவள் பாடம் நடத்தமாட்டாளாம். உங்கள் படிப்பு உங்கள் கையில், எதை எப்போது எப்படிப் படிப்பது என்று நீங்களே தீர்மானிக்க வேண்டும், கம்ப்யூட்டர் வழி காட்டும், கூப்பிட்டால் நான் வருவேன் என்றாள். கூப்பிட்டால் வருவேன் என்று நம்ம ஆட்களிடம் சொல்வதற்குப் பதில் நான் வரவே மாட்டேன் என்று நேரடியாகச் சொல்லியிருக்கலாம். இந்த நாட்டில் வீடு தீப்பிடித்தால்கூடத் தொந்தரவாக இருக்குமோ என்று யோசித்துவிட்டுத்தான் தீயணைப்புக்காரனைக் கூப்பிடுவோம். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினோம், ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, அவள் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாள்.

ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்தார்கள். அதில் ஒரு பராமரிப்பாளருக்குத் தெரிய வேண்டிய வேலைகளெல்லாம் வரிசையாக இருக்கும், கை கழுவுவது, படுக்கை விரிப்பது, படுத்திருப்பவரைப் புரட்டிவிடுவது, எழுப்பி உட்கார வைப்பது, சாப்பாடு ஊட்டுவது, குளிப்பாட்டுவது என்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று பொத்தான். பச்சை என்றால் தனியாகவே நன்றாகச் செய்வேன். மஞ்சள் என்றால் யாராவது உதவினால் செய்வேன். சிவப்பு என்றால் இன்னும் தெரியாது. நாமே நம்மை எடைபோட்டு அழுத்த வேண்டும், அதைப் பார்த்து அந்த லேப்டாப் அடுத்த பாடத்தைக் கொடுக்கும், பச்சை சேரச் சேர இல்லத்தில் பயிற்சிக்கு அனுப்பும். இவ்வளவு எளிமையான விஷயம். உன் அப்பன் என்ன செய்தான் தெரியுமா, மேலிருந்து கீழ்வரை மஞ்சள் அழுத்தினான். கை கழுவுவது, மஞ்சள். போர்வை மடிப்பது, மஞ்சள். காபி போட்டுக் கொடுப்பது என்று ஒன்று இருந்தது, பிறந்ததிலிருந்து காபியிலேயே மிதக்கிறவன், அதற்கும் மஞ்சள்தான். பச்சைமேல் விரலைக் கொண்டுபோனேன், விரல் இறங்கவில்லை. நான் நன்றாகச் செய்வேன் என்று ஒரு மனுஷன் தானே எப்படிச் சொல்வான். மில்லில் ஒருமுறை மூன்றாம் இயந்திரம் நின்றுபோய், நாள் முழுக்க அதன் வயிற்றுக்குள்ளேயே கிடந்து ஓடவைத்தேன், மேஸ்திரி வந்து பார்த்து, ம், என்றார். அந்த ம் போதும் என்று வருஷக்கணக்காக வாழ்ந்தவன் நான். காபி மேசையில் எவனாவது தன்னைத்தானே மெச்சிக்கொண்டால் அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்போம், அவன் எழுந்து போகிறவரை.

சிவப்பும் அழுத்த மனம் வரவில்லை, அது முழு மடையன் என்று ஒப்புக்கொள்வதாயிற்றே. ஆக மஞ்சள். லேப்டாப் என்ன பண்ணும், பாவம், சொன்னதை நம்பிற்று. கை கழுவும் பாடத்தைக் கொடுத்தது. பார்த்தேன், கழுவினேன், முடிவில் மறுபடி கேட்டது, இப்போது எப்படி என்று. மறுபடி மஞ்சள். உடனே உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், அருமையான முயற்சி இல்போ, இன்னொரு முறை பார்க்கலாமா என்றது. இப்படியே செப்டம்பர் போயிற்று, அக்டோபர் போயிற்று. மற்றவர்கள் நோயாளியைத் தூக்கப் பழகிக்கொண்டிருந்தபோது நான் விரலிடுக்கில் சோப்பு போட்டுக்கொண்டிருந்தேன். இந்த மாகாணத்திலேயே சுத்தமான கை என்னுடையதாகத்தான் இருந்திருக்கும். தோல் வெடித்து, கடைக்குப் போய்க் களிம்பு வாங்கித் தடவி, கடைசியில் கை பஞ்சுபோல ஆகிவிட்டது, கல்யாணத்தன்றுகூட இந்தக் கை இப்படி இல்லையே என்றாள் அம்மா. இயந்திரம் என்னை அடிமுட்டாள் என்று முடிவுகட்டிவிட்டது என்று நான் நினைத்தேன். அது என் வாயிலிருந்து வந்ததைத்தான் திருப்பிச் சொல்கிறது என்பது இந்த மரமண்டையில் ஏறவில்லை. அனீனாவைக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவளுக்குத் தொந்தரவு.

சும்மா இருப்பானேன் என்று பட்டியலில் இருந்த மற்ற வேலைகளை வீட்டிலேயே பழகினேன். வழுக்குத் துணி என்று ஒன்று இருக்கிறது, ஆளுக்கு அடியில் விரித்துவிட்டால் முதுகு ஒடியாமல் இழுத்து நகர்த்தலாம். அம்மாவைக் கட்டிலில் படுக்கப் போட்டு, போனை அலமாரிமேல் நிறுத்திப் படம் பிடித்தபடி, வீடியோவில் சொன்னமாதிரியே இழுத்தேன். அவள் சுகமாகத் தூங்கியே போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து கலெவி ஏணியைத் திருப்பித் தர உள்ளே வந்தான். கண்ணை மூடிக் கிடக்கிற என் மனைவியைத் துணியில் வைத்து நான் இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். ஏணியைச் சுவரில் சாய்த்தான், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான், பிறகு போய்விட்டான். மறுநாள் அம்மா கடைக்குப் போனால் கல்லாப்பெட்டிப் பெண் அவளைப் பார்த்து, செத்தவளைக் கண்டமாதிரி வெளிறிப்போய், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாளாம். ஊர் முழுக்க என் மானம் கப்பலேறிற்று. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தபோது நான் இழுத்த விதம் சரியாகத்தான் இருந்தது, அது எனக்கே தெரிந்தது. தெரிந்தும் அன்று மஞ்சள்தான் அழுத்தினேன், அம்மா ஒத்துழைத்தாள் அல்லவா, அது உதவிதானே என்று.

டிசம்பர் பிறந்ததும் ஒரு தகவல் வந்தது. உங்கள் படிப்பு நகரவில்லை, கிறிஸ்துமஸுக்கு முன்னால் இல்லத்தில் பயிற்சிக்குத் தகுதி ஆகாவிட்டால் உங்கள் இடம் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போகும், அதற்கு முன் வீடியோவில் ஒரு சந்திப்பு என்று. படித்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் விறகைப் பார்த்தபடி நின்றேன். அழவில்லை, ஆனால் அழுதிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அந்த இல்லத்தின் வேலை கைவிட்டுப் போனால் மறுபடி ஜன்னலோரம்தான், அதற்குப் பிறகு என்னை யார் கூப்பிடப்போகிறார்கள்.

அந்த வாரம் கூடத்தில் எல்லாரும் சேர்ந்து காபி குடிக்கிற நாள். என் குழுவில் ஃபதூமோ என்று ஒருத்தி, சோமாலியாவில் பிறந்தவள், வெகுகாலமாக இங்கே பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தாள், இப்போது படிக்கிறாள். அவள் எப்போதோ பச்சை பச்சையாக அழுத்தி இல்லத்துக்குப் பயிற்சிக்கே போய்விட்டாள். தற்பெருமைக்காரி என்று மனசுக்குள் நினைத்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். என்னை மட்டும் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள், இந்த ஊரில் ஆசிரியை முதல் மேயர்வரை எல்லாருக்கும் நான் வெறும் இல்போதான், அதனால் முதலில் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று. எதில் இருக்கிறீர்கள் என்று கேட்டாள், கை கழுவுவதில் என்றேன். சிரித்த சிரிப்பில் காபி தட்டில் சிந்தியது. என் லேப்டாப்பை வாங்கிப் பார்த்தாள், மேலிருந்து கீழ்வரை மஞ்சள். சிரிப்பு நின்றுவிட்டது. அவளுக்கு வாய்த்தது வெளிப்படையான வாய். "அண்ணே, நீங்க அடக்கமா இருக்கறதா நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. இல்ல, பொய் சொல்றீங்க. தெரியாததைத் தெரியும்னு சொன்னா ஒரு பாட்டி கீழ விழுவாங்க. தெரிஞ்சதைத் தெரியாதுன்னு சொன்னா விழுந்தவங்களைத் தூக்க ஆளு வராது. ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். அவள் சிவப்பும் அழுத்தியிருந்தாள், மருந்து அளப்பதற்கும் ஊசிக்கும், அதை நான் கவனித்ததே இல்லை. எனக்குத் தலை நிமிரவில்லை, பன்னைப் பிய்த்துப் பிய்த்து வைத்தேன், தின்னவில்லை.

பொய்யன் என்று பெயர் வாங்கியும் திருந்தினேனா என்றால் இல்லை. சந்திப்பு நாள் வந்தது. சட்டை மாற்றிக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தேன், திரையில் ஒரு பக்கம் அனீனா, இன்னொரு பக்கம் வழிகாட்டி ஆலோசகர் ஒருத்தர், தாடி வைத்தவர். உங்களால் நன்றாகச் செய்ய முடிந்த வேலைகளை நீங்களே சொல்லுங்கள் என்றார் ஆலோசகர். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர்களும் நம்ம ஆட்கள்தானே, அவசரப்படுத்தவில்லை, மரியாதையாகக் காத்திருந்தார்கள். நான் மேசையைப் பார்த்தேன், அவர்கள் அவரவர் மேசையைப் பார்த்தார்கள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது, இணைப்பு அறுந்துவிட்டதா என்று கடைசியில் லேப்டாப்பே கேட்டது. அப்போது பின்னால் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த அம்மா, கத்தியோடு, ஏப்ரனோடு, என் தோளுக்கு மேலே தலையை நீட்டி கேமராவைப் பார்த்து, "போன வருஷம் எனக்கு முழங்கால்ல ஆபரேஷன். இந்த மனுஷன்தான் தெனமும் தூக்கி உக்கார வெச்சாரு, குளிப்பாட்டி விட்டாரு. அந்த இறுக்கமான காலுறை இருக்கே, நர்ஸம்மா போட்டா அழுவேன், இவரு போட்டா தூங்கிடுவேன். இவருக்குத் தெரியும். எழுதிக்குங்க" என்றாள். சொல்லிவிட்டு உருளைக்கிழங்குக்கே திரும்பிப் போய்விட்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காததும் நல்லதுதான். முப்பது வருஷத்துக்குமேல் ஒன்றாக இருக்கிறோம், நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் இவ்வளவு மெச்சிக்கொண்டது கிடையாது, எனக்கு இரண்டாம் முறை கல்யாணம் ஆனமாதிரி இருந்தது, காதெல்லாம் சூடாகிவிட்டது.

ஆலோசகர் எழுதிக்கொண்டார். அனீனா கொஞ்சம் தயங்கிவிட்டு ஒன்று சொன்னாள். அந்த மஞ்சளையெல்லாம் இலையுதிர் காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம், கேட்கலாமா என்று நினைப்பாளாம், ஆனால் அவரவர் படிப்பு அவரவர் கையில் என்று சொல்லிவிட்டு மூக்கை நுழைத்தால் என் சுதந்திரத்தைக் கெடுத்ததாகிவிடுமோ என்று விட்டுவிட்டாளாம். ஆசிரியர்களுக்கும் அதேமாதிரி ஒரு பட்டியல் உண்டாம், அதில் அவளும் தனக்கு மஞ்சள்தான் போட்டிருக்கிறாளாம். நான் அவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று கேட்கவில்லை, அவள் என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று சொல்லவில்லை, இப்படி இரண்டு பேரும் மரியாதையிலேயே ஒரு வருஷத்தை நாசம் பண்ணப் பார்த்தோம். முடிந்தால் உங்களுக்காகப் பச்சையை நானே அழுத்திவிடுவேன், ஆனால் அது என் கையால் ஆகாது, நீங்கள்தான் அழுத்த வேண்டும் என்றாள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்தினேன். கடையில் எதையோ திருடுகிறவன் மாதிரி முதலில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன், கலெவி வருகிறானோ என்று. கை கழுவுவதற்குப் பச்சை அழுத்தியதும் திரை முழுக்கக் கலர்க் காகிதமாகப் பறந்தது, அந்தப் பெண்குரல் ஊரைக் கூட்டுகிறமாதிரி வாழ்த்தியது. ஒரு மனுஷன் தன் கையைக் கழுவியதற்கு இவ்வளவு கொண்டாட்டம் நான் எங்கும் பார்த்ததில்லை. தூக்குவது, புரட்டுவது, குளிப்பாட்டுவது, காபி, எல்லாவற்றுக்கும் அழுத்தினேன். மருந்து அளப்பதற்கு மட்டும் நிஜமாகவே சிவப்பு அழுத்தினேன், அதில் ஒரு நிம்மதி இருந்தது. இடம் தப்பியது, இல்லத்தில் பயிற்சிக்கு உத்தரவும் வந்தது.

போன மாதக் கடைசியில் போக ஆரம்பித்தேன். அங்கே எனக்கு மேற்பார்வை பிர்யோ என்கிற நர்ஸ், நல்ல மாதிரி, ஆனால் நிற்க நேரமில்லாதவள். என் பொறுப்பில் விட்ட அறைகளில் ஒன்றில் ஹில்யா என்று ஒரு அம்மாள், தொண்ணூறைத் தாண்டியவள், ஒரு காலத்தில் பனிச்சறுக்குக் கட்டையில் போய் தபால் கொடுத்தவளாம். தினமும் காலையில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள், மோசமில்லை என்பாள், வலி இல்லை என்று டேப்லெட் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு அடுத்த அறைக்குப் போவார்கள். நானும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் ஏற்றினேன். மூன்றாம் நாள் காபி கொண்டுபோனேன், வேண்டாம் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நம் ஊரில் பிணம்கூட ஒரு வாய் காபி குடித்துவிட்டுத்தான் பெட்டிக்குள் படுக்கும், இவள் வேண்டாம் என்கிறாளே. அன்று எனக்கு வரிசைப்படி மருந்துப் பாடம் இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, ஊழியர் அறையில் உட்கார்ந்து, வயதானவர்கள் வலியை எப்படி மறைப்பார்கள் என்று நானே தேடிப் பார்த்தேன். யாரும் சொல்லாமல், எந்தக் குரலும் கூப்பிடாமல், நானாக எனக்கென்று எடுத்த முதல் பாடம் அதுதான். அசைய மாட்டார்கள், குடிக்க மாட்டார்கள், குடித்தால் எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று அதில் இருந்தது. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகியவன், அந்த வீடியோவையும் நாலைந்து தரம் ஓட்டினேன்.

மத்தியானம் போய் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அம்மா, என் கால் கழண்டு கையில வந்தாக்கூட நான் மோசமில்லைன்னுதான் சொல்வேன். அதனால அதை விட்டுடுங்க. எங்க வலிக்குது?" என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா இருப்பது எனக்கு வரும், அதில் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை, நானும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெளியே பனி வாரும் வண்டி இரண்டு சுற்று போய் வந்தது. பிறகு போர்வைக்கு வெளியே கையை எடுத்து, என் கையைப் பிடித்துக் கொண்டுபோய்த் தன் இடுப்பில் வைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீராக வந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறாள், தானே பிடித்து எழுந்து வந்து படுத்துவிட்டாள், அத்தனை வேலையாக ஓடுகிறவர்களை எதற்குத் தொந்தரவு செய்வது என்று ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. பிர்யோவை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன், படம் எடுத்துப் பார்த்தால் எலும்பில் விரிசல். ஆபரேஷன் ஆகிவிட்டது, இப்போது பரவாயில்லை, நேற்று காபி கேட்டு வாங்கிக் குடித்தாள், அதுவும் ஆறிப்போயிருக்கிறது என்று என்னிடம் குறை வேறு சொன்னாள், எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிர்யோ என்னை நடைபாதையில் நிறுத்தி, எங்கள் யாருக்கும் தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். அந்த மோசமில்லை என் தாய்மொழி என்றேன். அவள் சிரிக்கவில்லை. கோடையில் இங்கேயே வேலைக்கு வந்துவிடுங்கள் என்றாள். அன்று வீட்டுக்கு வந்து, வலியைக் கண்டுபிடிப்பது என்கிற வரிக்கு நேரே பச்சை அழுத்தினேன், யார் சொல்லியும் இல்லை, ஜன்னலைப் பார்க்கவும் இல்லை. எனக்கு அது வரும் ஹெத்தா. நன்றாகவே வரும்.

கோயில் குளம் என்று போகாதவன் ஆசீர்வாதம் எவ்வளவு தூரம் வேலை செய்யுமோ தெரியாது, இருந்தாலும் ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், நோய்நொடி அண்டாமல் இரு, ரொட்டியைக் காற்றுப்படாமல் மூடி வை, அம்மாவின் காலுறையைப் போட்டுப் பார்த்து அளவு சரியா என்று மறக்காமல் எழுது. இன்னொன்றும் எழுது. உன்னோடு வாழ்ந்த மார்க்கஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு உன்னைவிட்டுப் போய் நாலு மாதம் ஆகிறது. ஒவ்வொரு ஞாயிறும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறேன், மோசமில்லை அப்பா என்கிறாய், நல்லது என்கிறேன், பிறகு நாம் இரண்டு பேரும் வானிலை பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். இதை எழுதி முடித்ததும் மறுபடி கூப்பிடுவேன், இந்தக் கடிதம் வந்து சேருகிறவரை வருகிற எல்லா ஞாயிறும் கூப்பிடுவேன். அதை விட்டுவிடு, எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்கப்போகிறேன். உடனே சொல்ல வேண்டும் என்று இல்லை. வாய் வராவிட்டால் பேசாமல் இரு, நானும் பேசாமல் இருக்கிறேன், லேப்டாப் இணைப்பு அறுந்துவிட்டதா என்று கேட்டால் கேட்கட்டும். நான் வைக்க மாட்டேன்.

அம்மாவின் முத்தங்களோடு,
உன் அப்பா
இல்போ